மூன்றாம் மாத ஸ்கேனில் குழந்தையின் முதுகுத்தண்டு: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஸ்கேனுக்கு வரும் பெண்களிடம் பேசுவதுதான் என் வேலை. நர்ஸாகச் சேர்ந்து, பிறகு கவுன்சலிங் பக்கம் வந்தவள். கர்ப்பிணி அதிகம் பேசமாட்டாள். கூட வரும் ஆச்சியோ மாமியாரோதான் கேட்பார்கள். அவர்கள் கேட்டதையும், அவள் கேட்க நினைத்து விழுங்கியதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

முதுகுத்தண்டுக் குறை என்றால் என்ன? முதுகில் கட்டி என்கிறார்களே, அதுவா?

அதுவும் இதில் ஒரு வகை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதலில் தட்டையான ஒரு தகடாகத்தான் இருக்கும். அதன் இரு ஓரங்களும் மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, குழாயாகிறது. சோமாசு செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தேய்த்த மாவை மடித்து விளிம்பை அழுத்தும்போது ஓரிடத்தில் சரியாக ஒட்டாவிட்டால், எண்ணெயில் போட்டதும் அங்கேதான் வாய் பிளக்கும். நரம்புக் குழாய் அப்படி ஒட்டாமல் போவதையே நரம்புக் குழாய்க் குறை என்கிறோம்.

தலைப்பக்கம் மூடாமல் போனால் மண்டையோடும் மூளையும் உருவாகாது. அந்தக் குழந்தை பிழைக்காது. முதுகுப்பக்கம் மூடாமல் போனால் அது ஸ்பைனா பிஃபிடா. அதில் கடுமையான வகையில் தண்டுவடமே பைபோல வெளியே பிதுங்கியோ, மேலே தோல் இல்லாமல் திறந்தோ கிடக்கும். இன்னொரு வகை தோலுக்குள் மறைந்திருப்பது. எலும்பில் மட்டும் சிறு பிளவு இருக்கும், பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. நாற்பது வயதில் இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது அது தெரிந்தவர்களும் உண்டு.

இது எந்த மாதத்தில் உண்டாகிறது?

கரு உருவாகி 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும், அதாவது கடையில் கிட் வாங்கிப் பார்க்கலாமா என்று யோசிக்கும் நேரத்தில் குழாய் மூட வேண்டிய வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். ஆறாம் மாதம் படியில் வழுக்கியதாலோ, ஏழாம் மாதம் பஸ்ஸில் போனதாலோ இது வராது. மருமகளைக் குறை சொல்ல வழி தேடுபவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

நம் நாட்டில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 1000 பிறப்புக்கு ஏறக்குறைய 4 முதல் 5 குழந்தைகளுக்கு நரம்புக் குழாய்க் குறை இருக்கிறது. அபூர்வம் என்று ஒதுக்க முடியாத எண்ணிக்கை.

இதைப் பார்க்கிற முதல் ஸ்கேனுக்கு எப்போது வரவேண்டும்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நம் ஊரில் முழுகாமல் இருப்பதை மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்வதில்லை. கண்பட்டுவிடும், நிலைக்கட்டும் என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஊருக்குச் சொல்லாமல் இருந்துகொள்ளுங்கள். ஆனால் ஊருக்குச் சொல்லாதது ஆஸ்பத்திரிக்கும் சொல்லாததாகிவிடுகிறது. ‘மூணு மாசம் முழுசா முடியட்டும்’ என்று காத்திருந்து, அப்புறம் செவ்வாய் வெள்ளி தள்ளி, அஷ்டமி நவமி தள்ளி வந்து நிற்கும்போது 15 வாரம் ஆகியிருக்கும். முதல் ஸ்கேனுக்கான நேரம் அதற்குள் போய்விட்டது.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 11 வாரம் தொடங்கி 13 வாரம் 6 நாள் வரைதான் அந்த நேரம். நாள் கணக்கில் 77லிருந்து 97 வரை. பொங்கலன்று, ஜனவரி 15ஆம் தேதி, மாதவிலக்கு வந்தது என்று வையுங்கள். ஏப்ரல் 2 முதல் ஏப்ரல் 22க்குள் வரவேண்டும். லீப் வருடமானால் ஒரு நாள் முன்னால். இந்த 21 நாளுக்குள் எத்தனை நல்ல நாள் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆச்சி.

மாதவிலக்கு முறையாக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர்கள் ஏழெட்டு வாரம் போல் ஒரு சிறு ஸ்கேன் எடுத்து நாளை உறுதி செய்துகொள்வது நல்லது. இந்தப் பரிசோதனைக்குக் குழந்தையின் நீளம், தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை, 45 மில்லிமீட்டரிலிருந்து 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வழக்கமாக இதை என்டி ஸ்கேன், அதாவது குழந்தையின் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் ஸ்கேன், என்று எழுதிக் கொடுப்பார்கள்.

முதுகைப் பார்க்கச் சொன்னால் டாக்டர் தலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே?

பள்ளத்தூரிலிருந்து பேத்தியோடு வந்த ஆச்சி ஒருவர் திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, “முதுகைப் பாக்க வந்தா மண்டையப் பாக்குறாகளே” என்று என் காதில் சொன்னார். நல்ல கேள்வி. நாற்பது வருடத்துக்கு முன்னால் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

12 வாரத்துக் குழந்தை ஐந்தரை, ஆறு சென்டிமீட்டர் நீளம்தான், நம் சுண்டுவிரல் அளவு. முதுகெலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. அதில் ஒரு பிளவு என்றால் சில மில்லிமீட்டர். நேராக முதுகைப் பார்த்து மட்டும் அதைப் பிடிப்பது கடினம். ஆனால் முதுகு திறந்திருந்தால் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீர் அந்த வழியாகக் கசியும். அடியில் கசிந்தால் மேலே இருப்பது கீழே இறங்கத்தானே செய்யும்? மூளையின் பின்பகுதி கழுத்துப் பக்கம் இழுபடும். அந்த மாற்றம் தலையில் தெரியும்.

திரையில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். குழந்தை பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். மூக்கு, மோவாய், கழுத்து எல்லாம் ஒரே நேர்வெட்டில் கிடைக்கும்போது, பின்னந்தலைக்குள் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே மூன்று கரும்பட்டைகள் வரிசையாக நிற்கும். முதல் பட்டை மூளைத்தண்டு. நடுவில் இருப்பது நான்காம் அறை எனப்படும் நீரறை. மூன்றாவது, சிறுமூளைக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தேக்கம். திறந்த முதுகுள்ள குழந்தைகள் பலருக்கு இந்த மூன்று இரண்டாகிவிடும். மூளைத்தண்டு தடித்து, பின்மண்டை எலும்போடு நெருங்கியிருக்கும். நடுப்பட்டையைப் பார்க்கும் இந்த முறையை 2009இல் ஜெர்மனியின் ரபீஹ் ஷாவி, லண்டனின் கிப்ரோஸ் நிக்கோலைடஸ் முதலானோர் எழுதினார்கள். இதற்குத் தனியாக ஒரு ஸ்கேன் தேவையில்லை. கழுத்துப் பின்புற நீரை அளக்க எடுக்கும் அதே காட்சியில் இதுவும் கிடைக்கும். பார்க்கத் தெரிந்த கண்தான் வேண்டும்.

குழந்தை திரும்பிப் படுத்திருந்தால் இந்தக் காட்சி கிடைக்காது. “கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா” என்று வெளியே அனுப்புவார்கள். பயப்பட வேண்டாம். வராந்தாவில் நாலு நடை நடந்துவிட்டு வந்தால் பெரும்பாலும் புரண்டிருக்கும். பிடிவாதமாகக் கவிழ்ந்தே கிடப்பவர்களும் உண்டு, மறுநாள் வரச்சொல்வோம்.

உள்வழி ஸ்கேன் என்கிறார்களே, அது எதற்கு?

வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதில் தெளிவு போதாதபோது பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவியை வைத்துப் பார்ப்பது. கருப்பைக்குள் எதுவும் போகாது, குழந்தையைத் தொடாது. உங்கள் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்குக் கதிர்வீச்சு பாயாதா?

பாயாது. இதில் கதிர்வீச்சே இல்லை, காதுக்குக் கேட்காத ஒலி அலைதான். தேவைக்கு எடுக்கும் ஸ்கேனால் கெடுதல் என்று எதுவும் நிரூபணமாகவில்லை.

டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்துவிட்டது. இன்னும் முதுகைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

டபுள் மார்க்கர் முக்கியமாகப் பார்ப்பது டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளுக்கான வாய்ப்பை. முதுகைப் பற்றி அது பேசாது. முதுகைப் பற்றிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை ஏஎஃப்பி, குழந்தையிடமிருந்து வரும் ஒரு புரதத்தை அளப்பது. 15 வாரத்துக்குப் பிறகு எடுப்பது. திறந்த குறை இருந்தால் தாயின் ரத்தத்தில் அதன் அளவு கூடும். குவாட்ரூபிள் என்று எழுதிக் கொடுப்பதில் ஏஎஃப்பியும் ஒன்று. இரட்டைக் குழந்தைக்கும், வாரக்கணக்கு தப்பினாலும் ஏஎஃப்பி கூடுதலாகக் காட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லமாட்டார்கள்.

12 வாரத்தில் ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிவிட்டார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். முதல் ஸ்கேனிலேயே தலை மூடாத குறை ஏறக்குறைய எப்போதும் தெரிந்துவிடும். திறந்த ஸ்பைனா பிஃபிடாவோ, பின்னந்தலையைக் குறிப்பாகப் பார்க்கும் நல்ல மையங்களில்கூட அப்போது பாதிக்குச் சற்று மேல்தான் பிடிபடுகிறது. தோல் மூடியிருக்கும் வகையில் நீர் கசியாது, அதனால் தலையில் தடயமும் இருக்காது.

ஒரு பெண்ணின் முகம் எனக்கு மறக்காது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 12 வாரத்தில் பார்த்து, நார்மல் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் தேதியை அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான். அன்று கூட்டம். வாயால் சொன்னேனா, சொல்லவில்லையா என்பதுகூட நினைவில்லை. அவள் திரும்பி வந்தது ஏழாம் மாதம், வயிறு அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறதென்று. குழந்தையின் தலையில் நீர் கோத்திருந்தது, முதுகில் பை. “அப்பவே நல்லாருக்குன்னீங்களேக்கா” என்றாள். அதற்குப் பிறகு தேதியைச் சிவப்பு மையில் ரிப்போர்ட் உறையின் மேலேயே எழுதுகிறேன்.

18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் முதுகெலும்பை ஒவ்வொரு கட்டையாக, நெடுக்கிலும் குறுக்கிலும் பார்க்கலாம். தலையிலும் அடையாளம் தெரியும். முன்மண்டை இருபுறமும் ஒடுங்கி எலுமிச்சம்பழம் போலவும், சிறுமூளை வளைந்து வாழைப்பழம் போலவும் காட்டும். டாக்டர்களே லெமன், பனானா என்றுதான் எழுதுவார்கள். ரிப்போர்ட்டில் பழத்தின் பெயரைப் பார்த்து ஆகாரக் குறிப்பு என்று நினைத்தவரும் உண்டு.

சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து என்ன?

அன்றிரவே முடிவெடுக்காதீர்கள். முதல் மூன்று மாதத்தில் தெரிவது சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. நடுப்பட்டை தெளிவாகத் தெரியாத பல குழந்தைகள் நல்லபடியாகவே பிறந்திருக்கிறார்கள். கருநலச் சிறப்பு மருத்துவரிடம் காட்டி, 16 வாரம் போல் மறுபடி பார்ப்பார்கள். அதற்கு நம் பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போகவேண்டும், எப்படியும் 90 கிலோமீட்டர். குறை உறுதியானால் எந்த மட்டத்தில், எவ்வளவு நீளம், தலையில் நீர் கூடுகிறதா, கால் அசைகிறதா, வேறு குறை உண்டா என்று பார்ப்பார்கள். சிலருக்குப் பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம் பரிசோதனையும் சொல்லலாம்.

அப்படிப் பிறக்கும் குழந்தை நடக்குமா? படிக்குமா?

குறை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இடுப்புக்குக் கீழே, வால் எலும்புப் பக்கம் என்றால் பலர் நடப்பார்கள். மேலே போகப் போகக் காலின் வலு குறையும், சக்கர நாற்காலி தேவைப்படலாம். பிறந்த ஓரிரு நாளிலேயே முதுகை மூட ஆபரேஷன் செய்வார்கள். தலையில் நீர் சேர்ந்தால் அதை வயிற்றுக்கு இறக்க ஷன்ட் குழாய் வைப்பார்கள். வெளியே யாரும் பேசாத சிரமம் சிறுநீரும் மலமும்தான். பல குழந்தைகளுக்கு நாளுக்குப் பல முறை மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால்தான் சிறுநீரகம் தப்பும். அம்மாக்கள் கற்றுக்கொள்கிறார்கள், பிறகு பிள்ளைகளே கற்றுக்கொள்கிறார்கள். அறிவு பெரும்பாலோருக்கு இயல்பான அளவில் இருக்கும்.

2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் நரம்புக் குழாய்க் குறையும் சேர்ந்திருக்கிறது. 18 வயதுவரை அதில் சிகிச்சைக்கு வழி உண்டு.

வயிற்றுக்குள் இருக்கும்போதே ஆபரேஷன் செய்யலாமாமே?

செய்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த மாம்ஸ் என்ற ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. 26 வாரத்துக்குள் கருவிலேயே முதுகை மூடிய குழந்தைகளில் ஒரு வயதுக்குள் ஷன்ட் தேவைப்பட்டது 40 சதவீதத்துக்கு. பிறந்த பிறகு மூடியவர்களில் அது 82 சதவீதம். நடையிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் குறைமாதப் பிரசவம் கூடியது. தாயின் கருப்பையில் விழும் வெட்டால் அடுத்தடுத்த பிரசவங்களும் சிசேரியன்தான். சில பெரிய மையங்களில் மட்டுமே நடக்கும், எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அதற்கும் சீக்கிரம் தெரிந்திருக்க வேண்டும்.

கருவைத் தொடர்வதா வேண்டாமா என்று யார் முடிவு செய்வது?

அந்தப் பெண். 18 வயது நிறைந்தவள் என்றால் சட்டம் கேட்பது அவள் கையெழுத்தை மட்டும்தான், கணவருடையதையோ மாமியாருடையதையோ அல்ல. 2021இல் திருத்திய சட்டப்படி 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம்வரை, சட்டம் குறித்திருக்கும் சில பிரிவினருக்கு, இரு மருத்துவர்கள் தேவை. அதற்கு மேல், குழந்தைக்குக் கணிசமான குறை என்றால் மருத்துவக் குழு முடிவு செய்யும். தொடர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், தொடராதவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவரிடமும் நான் சொன்னது ஒன்றுதான்: நாள் இருக்கும்போது விவரம் முழுதும் கேளுங்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

அத்தை மகன், மாமன் மகள் கல்யாணங்களில் பிறவிக் குறைக்கான வாய்ப்பு பொதுவாகச் சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் இந்தக் குறை ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை. பல காரணங்கள் சேர்ந்து வருவது. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வருகிறது. அதிகக் கவனம் தேவைப்படுபவர்கள்: முன்பே இப்படி ஒரு குழந்தை பெற்றவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள், வலிப்புக்கு வால்ப்ரோயேட் அல்லது கார்பமசெபைன் சாப்பிடுபவர்கள். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கல்யாணம் பேசும்போதே நரம்பு மருத்துவரிடம் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்துக்கொண்டு போகும் பெண்களைத்தான் பார்க்கிறோம்.

கிரகணத்தன்று வெளியே போனேன். அதனாலா?

இல்லை.

வீட்டில் கீரை, பயறு எல்லாம் சாப்பிடுகிறோம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை எதற்கு?

முருங்கைக்கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது. சந்தோஷம், சாப்பிடுங்கள். ஆனால் ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் குறையும். கீரையை வேகவைத்து, தண்ணீரை இறுத்து, மறுபடி கடைந்து கொதிக்கவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு? தேவை நாளுக்கு 400 மைக்ரோகிராம், அதுவும் கரு தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே. குழாய் மூடும் 28 நாளை நினைத்துப் பாருங்கள். உண்டாகிவிட்டது என்று தெரிந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலான நேரம் போயிருக்கும். அப்போதும் தொடங்கத்தான் வேண்டும், ஆனால் முன்பே தொடங்கியதற்கு ஈடாகாது. ஆகவே, பிள்ளை வேண்டும் என்று நினைத்த மாதமே மாத்திரை.

முன்பு இப்படி ஒரு குழந்தை இருந்தால் அடுத்ததற்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்ற அளவில். அவர்களுக்கு அளவு வேறு, 4 அல்லது 5 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கோ அதற்கு மேலோ. 1991இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்வில் 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் இந்த அளவைச் சாப்பிட வேண்டும். சுத்த சைவக்காரர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது குறைந்தாலும் வாய்ப்பு கூடும்.

ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று…

சொல்லமாட்டோம், ஆச்சி. 1994 சட்டம். கேட்பதும் குற்றம்தான். படிவம் எஃப்பில் நீங்கள் போடும் கையெழுத்தே ‘நான் கேட்கமாட்டேன்’ என்பதற்குத்தான்.

ஸ்கேனுக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்த பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்), ஆதார், டாக்டரின் சீட்டு, முன்பு எடுத்த ரிப்போர்ட் இருந்தால் அது. வெறும் வயிற்றோடு வரவேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியை நினைவிலிருந்து சொல்லாமல் காலண்டரைப் பார்த்து ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். ஒருவர் அந்தத் தினசரிக் காலண்டர் தாளையே கிழித்து, மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவந்தார். எங்களுக்கு அது போதும்.